இடது பட்டன்

அந்த பைண்டிங் பட்டறையில் மெஷினுக்கும் கட்டர் என்றுதான் பெயர், அதை ஓட்டுகிறவனுக்கும் கட்டர் என்றுதான் பெயர். 'கட்டர் ரிப்பேர்' என்று யாராவது கத்தினால், எந்தக் கட்டர் என்று கேட்டுவிட்டுத்தான் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். பதினோரு வருடத்தில் மெஷின் நான்கு முறை ரிப்பேராகியிருந்தது. அவன் ஒரு முறைகூட ஆனதில்லை. அதனால் அவன் ரிப்பேரானபோது யாரும் கவனிக்கவில்லை. அவன் மனைவிக்கு மட்டும் தெரிந்தது. அதுவும் காதால்.

மெஷினில் இரண்டு பட்டன். நடுவில் இரண்டரை அடி இடைவெளி. இரண்டையும் இரண்டு கையால் அழுத்திப் பிடித்தால்தான் கிளாம்ப் இறங்கி பேப்பர் அடுக்கை அமுக்கும், அதற்குப் பின்னாலேயே பிளேடு இறங்கும். ஒரு கையை எடுத்தாலும் எல்லாம் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால், பிளேடுக்கு அடியில் போக மூன்றாவது கை வேண்டும் என்பது அந்த மெஷினைச் செய்தவனின் கணக்கு. நல்ல கணக்குதான். மனிதனுக்கு ஒரு கை சும்மா வேண்டியிருக்கும் காலம் வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

அவள் அதே பட்டறையில் மடிப்பு மேஜையில் இருந்தாள். பெரிய தாள் வரும். அதை மூன்று முறை மடித்தால் ஒரு பாரம், பதினாறு பக்கம். மடிப்பைப் பட்டை என்கிற தட்டையான மரத்துண்டால் ஒரு தேய், அடுத்த தாள். மேஜையில் ஐந்து பெண்கள். கட்டருக்கு முதுகு காட்டித்தான் உட்காருவாள். பத்தடி தூரத்தில் புருஷன் என்ன செய்கிறான் என்று பார்க்க அவளுக்கு அவசியம் இருந்ததில்லை. அவன் எப்போதும் இடது பட்டனை ஒரு மயிரிழை முந்தி அழுத்துவான். டக்-டக். அப்புறம் பிளேடு. பதினோரு வருடம் அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அவள் பேசினாள், சிரித்தாள், தலைவலியைத் தாங்கினாள்.

பள்ளிக்கூடம் திறக்க மூன்று வாரம் இருந்தது. பட்டறை முழுக்க மாணவர் டைரி மலைமலையாகக் கிடந்தது. வெளியே கோடையிலும் விடாத மழை. ஈரக் காற்றில் தாளின் ஓரம் நெளிந்து, மடித்த பாரம் மறுபடி வாயைத் திறந்தது.

"பேப்பர்கூட நம்ம பேச்சக் கேக்க மாட்டேங்குதுடி" என்றாள் பக்கத்தில் இருந்தவள். அவளுக்குக் கத்திரி என்று பெயர். கத்திரிக்கோல் அவள் கையில் இருந்ததே இல்லை. வாய்க்காக வைத்த பெயர்.

கட்டரின் மனைவி தலையைத் தூக்கினாள். பட்டையைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டினாள்.

டக்.

பிளேடு இறங்கியது.

டக்.

மறுபடி இறங்கியது.

அவள் திரும்பினாள். இடது பட்டன் மேல் மடித்த அட்டைத் துண்டு ஒன்று சொருகி, டேப் ஒட்டியிருந்தது. அவன் வலது கை வலது பட்டனில் இருந்தது. இடது கையில் போன். கட்டைவிரல் மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தது. கண் போனில். பிளேடு தானே ஏறித் தானே இறங்கிக்கொண்டிருந்தது, வீட்டில் யாரும் இல்லாதபோது ஓடும் மின்விசிறி போல.

எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

"என்னங்க."

"ம்."

"என்னங்க."

"ம்ம்."

"என்னங்க, உங்களத்தான்."

"சொல்லு, கேட்டுட்டுதான் இருக்கேன்."

"என்ன சொன்னேன்?"

அவன் நிமிர்ந்தான். அவள் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியவில்லை. யோசித்துவிட்டு, "பால் வாங்கணும்" என்றான்.

அவள் அட்டையைப் பிய்த்து எடுத்தாள். டேப் அழுக்கேறிக் கறுத்திருந்தது. நேற்று ஒட்டியது இல்லை. எத்தனை நாளாக ஒற்றை டக் கேட்டுக்கொண்டிருந்தது, அது எப்படித் தன் காதில் விழாமல் போனது என்று நினைத்தவள் விரல்விட்டு நாளை எண்ணிப் பார்த்தாள்.

*

சாயங்காலம் வீட்டில் அந்த அட்டைத் துண்டைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சோறு, பருப்பு, அவித்த முட்டை, அட்டை. ஒன்பதாவது படிக்கும் மகள் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னம்மா?"

"உங்கப்பா விரலுக்கு வெச்ச விலை."

"ஒரு நாள்கூட எதுவும் ஆகலயே" என்றான் அவன்.

"ஆச்சுன்னா எப்பிடிங்க ஆகும்? கொஞ்சம் கொஞ்சமாவா ஆகும்? இன்னைக்கு நகம், நாளைக்கு நுனி, அப்பிடியா?"

மகள் முட்டையை உடைத்துக்கொண்டே சொன்னாள்: "டியூஷன் வாசல்ல மழைல ஒன்றரை மணி நேரம் நின்னேன். அப்பா எதிர்ல கடை ஓரமா வண்டி மேல உக்காந்து போன் பாத்துட்டு இருந்தாரு. நான் அவரப் பாத்துட்டேதான் நின்னேன். எப்பதான் நிமிர்றாருன்னு பாப்போம்னு."

"நீ கூப்பிட்டிருக்கலாம்ல?"

"ஏழு தடவ போன் பண்ணேன்பா. நீங்க கட் பண்ணிட்டு வீடியோ பாத்தீங்க."

அவன் தட்டைப் பார்த்தான். அவனுக்கு அது ஞாபகம் இருந்தது. யாரோ குறுக்கே குறுக்கே வந்து தொல்லை கொடுத்தது ஞாபகம் இருந்தது. அந்த யாரோ யார் என்பது இப்போதுதான் தெரிந்தது.

"அப்பிடி என்னதாங்க பாக்குறீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

"பொம்பளையா?"

"சேச்சே."

"சூதாட்டமா?"

"இல்லடி."

"பின்ன?"

அவன் சொல்ல வெட்கப்பட்டான். மகள்தான் சொன்னாள்: "சோப்பு வெட்டுறாங்கம்மா. கலர் கலரா சோப்ப வெச்சு கத்தியால வெட்டுவாங்க. அப்பா அதத்தான் பாக்குறாரு."

ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் வெட்டுகிறவன், மிச்ச நேரத்தில் அடுத்தவன் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றது. பொம்பளையாக இருந்திருந்தால் அந்த வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போட்டிருக்கலாம். சோப்பிடம் என்னவென்று கேட்பது.

"விடணும்னு நானும் பாத்தேன்" என்றான் அவன். "எப்பிடி விடுறதுன்னு ஒரு டாக்டர் பேசியிருந்தாரு. நல்லா பேசியிருந்தாரு."

"எதுல?"

"போன்லதான்."

"சரி, என்ன சொன்னாரு?"

"பத்து வழி. மூணாவது வழி சொல்லும்போது கீழ இன்னொரு டாக்டர் வந்துட்டாரு. அவர் ஏழு வழி வெச்சிருந்தாரு. அப்புறம்... பதினோரு டாக்டர் ஆச்சு. திரும்பிப் பாத்தா விடிஞ்சிருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அவன் தொடர்ந்து பேசினான், தட்டைப் பார்த்தபடியே.

"பாக்கணும்னு ஆசையெல்லாம் இல்லடி. கண்ணு வலிக்குது. பிடிக்கவும் இல்ல. வேணாம்னு சொல்லிட்டேதான் எடுக்குறேன். பிளேடு மேல ஏறி எறங்க ரெண்டு செகண்ட் ஆகும்ல, முன்னெல்லாம் அப்பிடி ஒரு ரெண்டு செகண்ட் இருக்கிறதே எனக்குத் தெரியாது. இப்ப அது மலை மாதிரி வந்து நிக்குது. அத எப்பிடித் தாண்டுறதுன்னு தெரியல."

அவள் கையை நீட்டினாள். அவன் போனைக் கொடுத்தான். கொடுத்த பிறகும் அவன் விரல்கள் அதே வடிவத்தில் வளைந்தே இருந்தன.

*

மறுநாளிலிருந்து போன் அவள் டிபன் பையில், டப்பாவுக்கு அடியில் இருந்தது. வேலை நேரம் முழுக்க அவளிடம். வீட்டில் அரிசிப் பானையில்.

முதல் நாள் அவனைப் பார்க்கச் சகிக்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சட்டைப் பையைத் தட்டினான். தண்ணீர் குடித்தான். மறுபடி குடித்தான். பசை போடுகிறவர் பட்டறையிலேயே மூத்தவர், எல்லோருக்கும் பசையண்ணன். அவர் பக்கத்தில் போய் நின்று பசை காய்வதைப் பார்த்தான்.

"என்னடா, பசைய பாக்குற? படமா ஓடுது?"

"சும்மாண்ணே."

"சும்மா பாக்குற மூஞ்சி இல்லயே இது. பொண்டாட்டிகிட்ட வாங்கினியா?"

"குடுத்துட்டேண்ணே."

"எத?"

அவன் மெஷினுக்குத் திரும்பினான். டக்-டக் கேட்டது. அவள் மூச்சு விட்டாள். மதியம் வரை எண்ணி எண்ணிக் கேட்டாள், ஒன்றுகூடத் தவறவில்லை.

தவறியது வேறு. தைத்து, முதுகில் பசை போட்டுக் காய்ந்த டைரிகளை மூன்று பக்கம்தான் வெட்ட வேண்டும்: தலை, கால், வாய். முதுகைத் தொடக் கூடாது. முதுகை வெட்டினால் அது டைரி இல்லை, சீட்டுக்கட்டு. மூன்றரை மணிக்குப் பசையண்ணன் ஒரு டைரியைக் கையில் எடுத்தார். அது பக்கம் பக்கமாக அவர் காலில் கொட்டியது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் கொட்டியது.

"டேய் கட்டரு... முதுக வெட்டிட்டியேடா!"

மூன்று அடுக்கு. அட்டை, தையல், பசை எல்லாம் முடிந்த டைரிகள். அவன் கீழே குனிந்து ஜனவரியையும் அக்டோபரையும் சேர்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தான், பொறுக்கினால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல.

முதலாளி கண்ணாடி அறைக்குள் மனைவியைத்தான் கூப்பிட்டார். அவர் மேஜையில் இரண்டு போன் இருந்தது.

"ஏம்மா, உன் வீட்டுக்காரன் போன நீ புடுங்கி வெச்சிருக்கியாமே?"

"அவரே குடுத்தாருங்க."

"திருப்பிக் குடுத்துரு."

அவளுக்குப் புரியவில்லை.

"பாரும்மா, போன் கையில இருந்தவரைக்கும் ஒரு டைரி வீணாகல. இன்னைக்கு முத நாள், மூணு அடுக்கு போச்சு. நீயே சொல்லு, எது நல்லது?"

"பட்டன்ல அட்டைய சொருகி வெச்சு ஓட்டிட்டு இருந்தாருங்க. கை போயிடும்."

"தெரியும். பாத்தேன். சீசன்ல வேகமாப் போகுதேன்னு நானும் கண்டுக்கல." ஒரு போன் அதிர்ந்தது. அவர் அதைப் பார்த்தார். லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கானது இல்லை. பிறகு நிமிர்ந்து, "என்ன சொல்லிட்டு இருந்தேன்?" என்றார்.

"திருப்பிக் குடுக்கச் சொன்னீங்க."

"ஆங். இந்த வாரம் பாக்குறேன். இன்னொரு முதுகு போச்சுன்னா வேற ஆள் பாத்துக்குறேன். உங்களுக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல."

மேஜைக்குத் திரும்பினால் கத்திரி காத்திருந்தாள்.

"குடுத்துத் தொலையேண்டி. என் வீட்டுக்காரர் பாக்காததா? ஊர்ல யாரு பாக்கல? நீ மட்டும் என்ன மருந்துக்கடையா, பூட்டி வெச்சு எண்ணி எண்ணிக் குடுக்க?"

"கை போனா நீ வந்து சோறு ஊட்டுவியா?"

"நான் எதுக்கு ஊட்டணும்? நீதான் ஊட்டுவ. அதான் சொல்றேன், உன் தலையெழுத்த நீயே கெடுத்துக்காத. குடுத்தாலும் பயம், குடுக்காட்டியும் பயம். குடுத்துட்டுப் பயந்தா அந்தாளாவது சிரிச்சிட்டு இருப்பாரு."

இதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் அவளைக் கலங்கடித்தது. அடுத்த மூன்று நாளும் டிபன் பை அவள் மடியில் செங்கல்போலக் கனத்தது. வீட்டில் அவன் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றான். ஒருமுறை வெளியே வந்தபோது தலை காய்ந்திருந்தது, கண் நனைந்திருந்தது. மகள்கூட அன்று கிண்டல் செய்யவில்லை. தன் போனை எடுத்து, தானாகவே, அரிசிப் பானையில் போட்டாள். ஒரு மணி நேரம் கழித்து அதை எடுக்க அரிசிக்குள் கை விட்டவள், மாற்றி அப்பாவின் போனை எடுத்துவிட்டாள். பார்த்துக்கொண்டிருந்த அவன் முகத்தில் வந்து போன வெளிச்சத்தைக் கண்டு பயந்து, இரண்டையும் உள்ளேயே புதைத்துவிட்டுப் படிக்கப் போனாள்.

*

ஐந்தாம் நாள் மதியச் சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் கண் சொருகும் நேரம். மழை தகரக் கூரையில் ஒரே சீராக விழுந்தது. டைரி வேலை ஓய்ந்து, அவன் வெறும் தாளைப் பாதியாக வெட்டிக்கொண்டிருந்தான்.

டக்.

அவள் கை நின்றது. முதலில் டிபன் பைக்குள் கையை விட்டாள். டப்பாவுக்கு அடியில் போன் இருந்தது. ஜில்லென்று, தட்டையாக, பத்திரமாக. அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவில் அரை நிமிடம் போனது. அதை நினைத்து அவள் பிறகு பல நாள் தூக்கம் கெட்டாள்.

டக்.

திரும்பினாள்.

இடது பட்டனில் புது அட்டை இருந்தது. அவன் இடது கையில் எதுவும் இல்லை. அந்தக் கை தாள் அடுக்கின் மேல், கிளாம்புக்கு அடியில், ஓய்வாகப் படுத்திருந்தது. கட்டைவிரல் மட்டும் வெள்ளைத் தாளை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. தள்ளியது, நின்றது, தள்ளியது. அவன் கண் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வலது கை பட்டனை நோக்கிப் போனது.

"என்னங்க!"

"ம்" என்றான், திரும்பாமல். வலது பட்டனை அழுத்தினான்.

கிளாம்ப் இறங்கியது.

"டேய்!"

கல்யாணம் ஆகிப் பதினாறு வருடத்தில் அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவன் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பட்டறையே அதிர்ந்து திரும்பியது. அவனும் திரும்பினான். யார்டா அது என்று கேட்கிறவன்போல, வலது கையைப் பட்டனிலிருந்து எடுத்துவிட்டு, உடம்போடு திரும்பினான்.

பிளேடு நின்றது. அவன் புறங்கைக்கு மேலே ஒரு தீப்பெட்டி உயரத்தில் நின்றது.

இடது கை வரவில்லை. நான்கு விரலையும் கிளாம்ப் தாளோடு சேர்த்துப் பிடித்திருந்தது. அப்போதுதான் அவன் அதைப் பார்த்தான். பார்த்த பிறகுதான் வலித்தது.

பசையண்ணன் ஓடிவந்து மெயின் சுவிட்சை அணைத்தார். மெஷினின் பக்கத்தில் ஒரு சக்கரம் இருக்கிறது. கரண்ட் இல்லாதபோது அதைக் கையால் சுற்றினால் கிளாம்பும் பிளேடும் மேலே ஏறும். எதிர்ப்பக்கம் சுற்றினால் இறங்கும். எந்தப் பக்கம் என்பது பட்டறையில் ஒரே ஆளுக்குத்தான் தெரியும்.

"எந்தப் பக்கம்டா சுத்தணும்?"

"உங்க பக்கம்ணே... இல்ல, இல்ல! நிறுத்துங்க! என் பக்கம்!"

"உன் பக்கம்னா எந்தப் பக்கம்? நீ திரும்பி நிக்கிறடா!"

"நான் எப்பவும் நிக்கிற பக்கம்ணே!"

"சுவரு பக்கமா, கதவு பக்கமா? ஒண்ணு சொல்லு!"

அவன் கண்ணை மூடினான். உதடு வெளுத்திருந்தது. மனதுக்குள் சக்கரத்துக்கு முன்னால் போய் நின்று, கையை வைத்து, சுற்றிப் பார்த்தான். பல மாதங்களில் முதல்முறையாக ஒரே விஷயத்தை முழுசாக யோசித்தான்.

"சுவரு பக்கம்."

"நிச்சயமா?"

"சுவரு பக்கம்ணே. மெதுவா."

அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பிளேடையே பார்த்தாள். சக்கரம் முனகியது. பிளேடு அசைந்தது. ஒரு கணம் எந்தப் பக்கம் அசைகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஏறியது.

சுற்றி நின்றவர்களில் மூன்று பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். கண்ணாடி அறை வாசலில் நின்ற முதலாளி நான்காவது. கட்டரின் மனைவி ஒவ்வொருவராகப் பார்த்தாள். கத்திரி மட்டும் தன் போனைத் தாழ்த்தி, "கை தானாப் போச்சுடி, நான் எடுக்கணும்னு எடுக்கல" என்றாள். பொய் சொல்கிறவள் முகம் இல்லை அது.

எலும்பு எதுவும் உடையவில்லை. நான்கு விரலும் கன்றி, கறுத்து, கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தன.

*

கட்டு போட்டுக்கொண்டு வந்தவன் நேராகக் கண்ணாடி அறைக்குள் போனான். மனைவி கூடப் போனாள், அவன் கூப்பிடவில்லை.

"என்னைய மடிப்பு மேஜைல போடுங்க" என்றான்.

"பொம்பளைங்ககூடவா?"

"ஆமா."

"சம்பளம் பாதிதான் வரும் தெரியும்ல? அஞ்சு பொம்பளை நடுவுல உக்காந்து மடிப்பியா? மெஷின யாரு ஓட்டுறது?"

"பசையண்ணனுக்குக் கத்துக் குடுக்குறேன். அவருக்குப் போன்ல நம்பர்கூட அமுக்கத் தெரியாது. அவருதான் சரி."

"போன்தான் இப்ப உன்கிட்ட இல்லயே. அப்புறம் என்ன பயம்?"

"அது இவ பையிலதான் இருந்துச்சு. என் கைக்கு அது தெரியலையே."

முதலாளி கட்டுப் போட்ட கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேஜையில் போன் அதிர்ந்தது. அதைக் கவிழ்த்து வைத்தார்.

ஒரு வாரம் கழித்து அவன் மடிப்பு மேஜைக்கு வந்தான். கத்திரி இடம் விட்டாள்.

"வாங்க தம்பி. இங்க பேரு மாத்திருவோம். கட்டர் இனி அந்தப் பக்கம். உங்கள டேய்னே கூப்பிடலாமா? வீட்ல ஏற்கெனவே பழக்கம் ஆயிடுச்சு போல."

பெண்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை. தாளை அவன் முன்னால் தள்ளி, "ஓரத்துக்கு ஓரம் சேக்கணும். நடுவுல தேய்க்கணும். ரெண்டு கையும் வேணும்" என்றாள்.

அவள் முப்பது பாரம் மடிக்கும் நேரத்தில் அவன் நான்கு மடித்தான். நான்கும் கோணல். கன்றிய விரல் மடங்க மறுத்தது. கட்டைவிரல், மடிப்பைத் தேய்க்க வேண்டிய நேரத்திலெல்லாம் தாளை மேலே தள்ளியது. அவள் அதைப் பார்ப்பது அவனுக்கும் தெரிந்தது. பதினொரு மணிக்கு ஆரம்பித்தான்.

"ஒரு தடவ குடு. மணி பாத்துட்டுத் தந்துடுறேன்."

"செவுத்துல கடிகாரம் இருக்கு."

"மக ஏதாவது மெசேஜ் போட்டிருந்தா?"

"டியூஷன்ல இருக்கா."

பதினொன்றே காலுக்கு மறுபடி. பதினொன்றரைக்கு மறுபடி. பன்னிரண்டுக்கு அவன் வாய் திறப்பதற்கு முன்பே அவள் பட்டையைக் கீழே வைத்தாள். டிபன் பைக்குள் கை விட்டுப் போனை எடுத்து, மேஜை மேல் அவனுக்கு நேராக வைத்தாள்.

"இந்தாங்க."

அவன் அவளைப் பார்த்தான்.

"என்னால முடியலங்க. நாள் பூரா காத அந்த மெஷின்லயே வெச்சு, மடியில இதக் கட்டிக்கிட்டு, நீங்க குளிக்கப் போனா குழாய் சத்தத்த எண்ணிக்கிட்டு... காவல் காத்து எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும். பாக்கணும்னா பாருங்க. இங்க பிளேடு இல்ல. பேப்பர்தான். என்ன ஆயிடப் போகுது?"

அவள் குரல் உயரவில்லை. அதனால்தான் மேஜையில் எல்லாக் கையும் நின்றது.

போன் கறுப்பாகக் கிடந்தது. அவன் இடது கை மேஜையின் மேல் நகர்ந்து போனது. பாதி தூரம் போய் நின்றது. திரும்பி வந்தது. மறுபடி போனது. வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்தான். நெற்றியில் வியர்வை பூத்தது. கத்திரி ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு மூடிக்கொண்டாள். அவள் வாழ்நாளில் அது நடப்பதைப் பார்த்தவர்கள் குறைவு.

"எடுத்து வைடி" என்றான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னான்: "என்னால முடியல. அது இங்க இருந்தா என்னால முடியல. எடுத்து வை."

அவள் எடுக்கவில்லை. கத்திரிதான் எழுந்து, போனை எடுத்து, தன் போனையும் அதோடு சேர்த்து, ஜன்னலோரம் இருந்த காலிப் பசை டின்னுக்குள் போட்டு மூடினாள். வந்து உட்கார்ந்து, "ரொம்ப அதிரும் அது, வேலை செய்ய விடாது" என்று பொதுவாகச் சொன்னாள்.

அவன் அடுத்த தாளை இழுத்தான். ஓரத்துக்கு ஓரம் சேர்த்தான். நடுவில் தேய்த்தான். தோள் குலுங்கியது. மூக்கை உறிஞ்சினான்.

மனைவி தன் பட்டையை எடுத்துக்கொண்டாள். ஒரு பாரம் மடித்தாள். இரண்டு மடித்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"பேப்பர்ல சொட்டாம தள்ளி உக்காந்து அழுங்க. நனைஞ்சா மடிப்பு நிக்காது."